அத்தா மணி

புதுக்கோட்டையில் மக்கள் குரல் காப்பகம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. மக்களின் குரலைக் காப்பதற்கென்றே ஏற்படுத்தப்பட்டது. சும்மா சொல்லக்கூடாது, காத்துத்தான் வருகிறது. குரலுக்குச் சொந்தக்காரரே வந்து கெஞ்சினாலும் வெளியே விடாத அளவுக்குப் பத்திரமாகக் காக்கிறது.

இந்த விவரம் முன்னமே தெரிந்திருந்தால் கோட்டைப்பட்டினம் யாக்கூப் தன் மனைவி ரமீஜாவின் கேசட்டுகளைத் தூக்கி அவர்கள் கையில் கொடுத்திருக்க மாட்டார்.

யாக்கூப் தன் வாலிபம் முழுவதையும் துபாயில் ஒரு மீன் கிடங்கில் கழித்தவர். அந்த நாளில் ஊருக்குப் போன் போட்டால் அன்றைய சம்பளம் அதோடு போச்சு. கடிதம் எழுதவோ ரமீஜாவுக்குப் பொறுமை கிடையாது. பேசச் சொன்னால் பேசுவாள். அதனால் டேப் ரெக்கார்டரைச் சமையல்கட்டு மேடையில் வைத்துக்கொண்டு, வெங்காயம் உரித்தபடியே பேசிப் பதிவு செய்து, ஊரிலிருந்து பயணம் போகிறவர் யார் கையிலாவது கேசட்டைக் கொடுத்தனுப்புவாள். கடலோரத்தில் பாதி வீடுகளில் அப்போது இப்படித்தான் குடித்தனம் நடந்தது.

ரமீஜா கண்ணை மூடி மவுத்தாகி இரண்டு வருஷமாகிறது. கேசட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. டேப் ரெக்கார்டர் அவளுக்கும் முன்பே போய்விட்டது. நாடாவில் பூஞ்சை வேறு.

யாக்கூபுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. முகம் போட்டோவில் இருக்கிறது, குரல் எதில் இருக்கிறது? தொழுது முடித்துப் பாயில் உட்கார்ந்திருக்கும்போது அவள் தன்னைக் கூப்பிடுவதை நினைத்துப் பார்ப்பார். "ஏங்க" என்பாள். காதுக்குள் அந்த "ஏங்க" வரும். ஆனால் அது அவள் குரல்தானா, அவராகச் செய்துகொண்ட குரலா என்று நாளுக்கு நாள் சந்தேகம் கூடிக்கொண்டே போயிற்று. கூடவே இருக்கும் மகள் மர்யத்திடம்கூட இதை அவர் சொன்னதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் காப்பகத்தார் ஊருக்கு வந்து கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். துணை இயக்குநர் உடையப்பன் மைக்கைப் பிடித்தார். "உங்கள் குரல்களை இனி காலம் தின்னாது. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த யாக்கூபுக்குக் கண் கலங்கிவிட்டது. பிஸ்கட் டின்னோடு கொடுத்தார். அவர்கள் ஒரு சால்வையும் ஒரு டம்ளர் டீயும் கொடுத்தார்கள்.

பல மாதம் கழித்துப் போனுக்குத் தகவல் வந்தது. தங்கள் குரல் மின்னணுமயமாக்கப்பட்டுக் காப்பகத்தின் இணையக் கோப்புறையில் வைக்கப்பட்டுள்ளது. தங்கள் வீட்டுக் கணினியிலிருந்து இணைத்துக் கேட்டு மகிழவும். செல்போன், பிரவுசிங் சென்டர், அடுத்த வீட்டுக் கணினி ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. மின்னணுமயமான பின் அசல் கேசட்டுகள் விதிப்படி பிளாஸ்டிக் கழிவாக ஏலம் விடப்பட்டன. நன்றி.

ஏலம் என்ற இடத்தை யாக்கூப் இரண்டாம் தடவையும் படித்தார். "சரி, குரல் இருக்குல்ல" என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

வீட்டில் கணினி இருந்தது. துபாயை விட்டு ஒரேயடியாகக் கிளம்பி வந்தபோது கூடவே கொண்டுவந்தது. அதில் ஒரு விசேஷம் உண்டு. யாக்கூப் அங்கே இருந்த காலமெல்லாம் ரமீஜா வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தாள். ஒன்று நம்மூர் நேரத்துக்கு ஓடும், அது ஊர் மணி. இன்னொன்று துபாய் நேரத்துக்கு, ஒன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடும், அது அத்தா மணி. அப்பாவை அத்தா என்று கூப்பிடும் மர்யம் சிறுபிள்ளையாக இருந்தபோது வைத்த பெயர். இப்போ எழுந்திருப்பார், இப்போ வேலைக்குப் போயிருப்பார், இப்போ சாப்பிட உட்கார்ந்திருப்பார் என்று ரமீஜா அதைப் பார்த்துத்தான் சொல்வாள். யாக்கூப் ஊரோடு வந்து, கணினியைப் பிரித்து வைத்து, அதன் மூலையில் ஓடிய துபாய் மணியைத் திருத்தப் போனபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டுங்க. அதைப் பாத்துப் பாத்தே பழகிப்போச்சு" என்றாள். இருந்துவிட்டது. சுவர்க் கடிகாரம் பிறகு பழுதாகி நின்றது. அத்தா மணி இப்போது ஓடுவது கணினியின் மூலையில் மட்டும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் யாக்கூப் வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் கணினி முன் உட்கார்ந்தார். ஊரில் மழலையர் பள்ளியொன்றில் டீச்சராக இருக்கும் மர்யம் காப்பகம் அனுப்பிய முகவரியையும் கடவுச்சொல்லையும் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். சின்ன வட்டம் சுற்றியது. சுற்றி முடித்துவிட்டுக் கணினி சொன்னது: கோப்புறையை அடைய இயலவில்லை. தங்கள் நிர்வாகியைத் தொடர்பு கொள்ளவும்.

"நிர்வாகின்னா யாரும்மா?"

"இந்த வீட்டுக்கு நீங்கதான்த்தா."

தன்னைத் தான் தொடர்புகொள்வது எப்படி என்று யாக்கூபுக்குத் தெரியவில்லை. காப்பகத்தின் உதவி மையத்துக்குப் போன் போட்டார்.

உதவி மையத்தில் செவந்தி என்ற பெண் எடுத்தாள். தேன் சொட்டும் குரல். அந்தக் குரலில் எரிச்சல் என்பதே கிடையாது, பதிலும் கிடையாது.

"வணக்கம் சார். ஒங்க குரல் எங்களுக்கு முக்கியம். கம்ப்யூட்டர ஒருக்கா அணைச்சிட்டுப் போடுங்க சார்."

போட்டார். வரவில்லை.

"இப்ப இன்டர்நெட் பெட்டிய அணைச்சிட்டுப் போடுங்க சார்."

போட்டார். வரவில்லை.

"பழைய ஹிஸ்டரியெல்லாம் அழிச்சிட்டீங்களா சார்?"

"எந்தப் பழசும்மா?"

"எல்லாப் பழசும் சார்."

மர்யம் அழித்தாள். வரவில்லை. அடுத்த நாள் செவந்தி இன்னொரு யோசனை சொன்னாள். கோப்புறைக்கு ஓர் எழுத்து கொடுத்து இணைக்க வேண்டுமாம். எழுத்து கொடுத்தார்கள். வரவில்லை. வேறு எழுத்து கொடுக்கச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகக் கொடுத்து, ஆங்கிலத்தில் மிச்சமிருந்த எழுத்தெல்லாம் தீர்ந்த பிறகு, "கம்ப்யூட்டர வேற ரூமுக்கு மாத்திப் பாருங்க சார்" என்றாள். யாக்கூப் அதையும் கழற்றி அடுக்களைப் பக்கத்து அறைக்குத் தூக்கிப் போனார். மர்யம் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு செவந்திக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"சார், அது வீட்டுக் கம்ப்யூட்டர்தானா?"

"வீட்டுலதாம்மா இருக்கு."

"அப்படி நீங்க சொல்லக்கூடாது சார். வி.ஏ.ஓ. சொல்லணும்."

கிராம நிர்வாக அலுவலரிடம் இல்லக் கணினிச் சான்று வாங்க வேண்டும், கணினிக்குப் பக்கத்தில் குடும்பத் தலைவர் நிற்கிற போட்டோ வேண்டும். வி.ஏ.ஓ. இப்படியொரு சான்றை வாழ்க்கையில் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் நல்ல மனுஷர். வருமானச் சான்றில் வருமானத்தை அடித்துவிட்டுக் கணினி என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். யாக்கூப் அனுப்பினார். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. வட்டம் சுற்றியது. கோப்புறையை அடைய இயலவில்லை.

மறுவாரம் செவந்தி நல்ல செய்தி சொல்லும் குரலில் பேசினாள். "சார், ஒங்க கம்ப்ளெயின்ட முடிச்சிட்டோம்."

"எங்கம்மா முடிஞ்சுது? இன்னும் வரலையே."

"அந்தக் கம்ப்ளெயின்ட்டுக்கு அதிகபட்ச நாள் ஆயிடுச்சு சார். அதனால முடிஞ்சிடுச்சு. வரலைங்கிறதுக்குப் புதுசா ஒண்ணு குடுங்க. அப்புறம், குரலோட உரிமையாளர் ஒருக்கா நேர்ல வந்து கைரேகை வைக்கணும் சார். இந்த மாசம் புது உத்தரவு."

"உரிமையாளர்னா?"

"ரமீஜான்னு போட்டிருக்கு சார்."

"அவங்க மவுத்தாயிட்டாங்கம்மா."

பக்கத்தில் யாரிடமோ கேட்கும் சத்தம். "பரவால்ல சார். அவங்களுக்கு எந்தத் தேதி சவுகரியம்னு மட்டும் சொல்லுங்க, ஸ்லாட் போட்டுத் தாரேன்."

யாக்கூப் போனை வைத்துவிட்டார். கோபப்படத்தான் நினைத்தார், ஆனால் கோபத்துக்குப் பதிலாக அழுகை வரும்போல் இருந்தது. மறுநாள் விடியலில் பஜ்ர் தொழுதுவிட்டு நேரே புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்.

அறந்தாங்கியில் ஒரு டீ. அதைத் தவிர வேறெங்கும் நிற்காமல், காப்பகத்தின் வாசலுக்குப் பத்து மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கதவு பூட்டியிருந்தது. காவலாளி மூக்கன் ஒரு நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க பாய், பத்து மணிக்குத் தொறந்துருவாங்க" என்றார். உட்கார்ந்தார். வெயில் ஏறி நாற்காலிக்கு வந்தது. நாற்காலியை நகர்த்தினார். வெயிலும் நகர்ந்தது.

"பதினொண்ணு ஆயிருச்சேப்பா" என்றார் யாக்கூப், கைக்கடிகாரத்தைப் பார்த்து.

"அது ஒங்க கையில பாய். ஆபீஸ்ல இன்னும் பத்து ஆகல."

யாக்கூப் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அரசாங்க அலுவலகத்து மணி தப்பாக இருக்காது, தன் கடிகாரத்துக்குத்தான் வயசாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டார். துபாய்க்குப் போய் வந்தும் மனுஷருக்கு அரசாங்கத்தின் மேல் அப்படியொரு மரியாதை.

இன்னும் அரை மணி நேரம் கழித்துத் திருச்சியிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அலுவலர்கள் இறங்கினார்கள். அவசரமே இல்லை. சீவிய தலை கலையாமல் நடந்து, வாசலில் இருந்த கருவியில் ஒவ்வொருவராக விரலை வைத்தார்கள். கருவி ஒவ்வொருவருக்கும் உரக்கச் சொன்னது: "வணக்கம். மணி பத்து. நேரம் தவறாமைக்கு நன்றி."

துணை இயக்குநர் உடையப்பன் யாக்கூபை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் வரவழைத்துக் கொடுத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அவர் தலைக்கு மேலே ஒரு கேடயம் மாட்டியிருந்தது. யாக்கூபின் கண் அதன்மேல் போனதைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நேரந்தவறாமைக்கு வாங்குனதுங்க. மொத்த மாநிலத்துலயும் எங்க ஆபீஸ்தான் பர்ஸ்ட். நான் வந்தப்ப நெலம எப்படி இருந்துச்சு தெரியுமா? ஸ்டாப் எல்லாரும் திருச்சி. வந்து சேர லேட்டாயிடும். மேல இருந்து மெமோ மேல மெமோ. என்னையக் கேட்டா, நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லல. மனுஷன் மனசு நோகக் கூடாது பாருங்க. கைரேகை மெஷின் மணிய மட்டும் கொஞ்சம் பின்னால தள்ளி வைக்கச் சொன்னேன். மெஷின் வந்து சர்வர்ல மாட்டியிருக்கு. அதனால சர்வர் மணியையும் சேத்தே தள்ளி வெச்சாச்சு. அன்னியிலேர்ந்து ஒரு ஆள் லேட் கிடையாது!"

"சாயங்காலம் போறப்ப?"

"போறப்ப ரேகை வைக்கணும்னு எந்த விதியிலயும் இல்லீங்களே."

யாக்கூப் அலுவலகத்தாரின் மணியைப் பற்றி விசாரிக்க வரவில்லை. மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "சார், ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துருங்களேன். நான் பேசாம போயிருவேன்."

"பென் டிரைவ்ல குடுத்தா வெளிய போயிடும். வெளிய போயிட்டா காப்பகம் எதுக்குங்க?"

"சரி, இங்கயே ஒருக்கா போட்டுக் காட்டுங்க. அஞ்சு நிமிஷம் கேட்டுட்டுப் போயிர்றேன்."

உடையப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அது ஒங்க சம்சாரத்தோட குரல். வேத்து ஆம்பளைங்க உக்காந்திருக்கிற எடத்துல போடலாமா? ஒங்க மார்க்கத்துக்கு எவ்வளவு மரியாதை குடுக்கிறோம்னு ஒங்களுக்கே தெரியல."

"கேசட்டுலேர்ந்து ஏத்துனவரு கேட்டிருப்பாரே சார்."

"கேக்க மாட்டாருங்க! சத்தத்த அணைச்சிட்டுத்தான் ஏத்தணும்னு கண்டிப்பான உத்தரவு. இந்தக் காப்பகத்துல இருக்கிற ஒரு குரலையும் இன்னி வரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. நெஞ்சத் தட்டிச் சொல்லுவேன்."

யாக்கூப் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "அப்ப உள்ள குரல் இருக்குன்னு எப்படி சார் தெரியும்?"

"அளவு காட்டுதுங்களே. வெறும் காத்துக்கு அவ்வளவு அளவு வராது."

அதற்குமேல் அவரிடம் என்ன கேட்பது? பக்கத்து மேசையிலிருந்த பெண் யாக்கூபின் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்தாள். தேன் சொட்டும் குரலை வைத்து அவள்தான் செவந்தி என்று தெரிந்தது.

"சார், ஐயாவோட கணக்க இன்னும் தொறக்கவே இல்ல சார்."

யாக்கூப் அவளைப் பார்த்தார். "தொறக்கலையா? அப்ப இத்தன நாளா அணைச்சுப் போடச் சொன்னது, ரூம் மாத்தச் சொன்னது, சான்று வாங்கச் சொன்னது..."

"அதெல்லாம் ஒங்க பக்கத்து சோதனை சார். எங்க பக்கம் கணக்கு தொறக்கணும்னா இன்ஜினியர் வீட்டுக்கு வந்து கள ஆய்வு பண்ணணும்."

பூட்டிய வீட்டின் கதவை வாரக்கணக்கில் தட்டவிட்டிருக்கிறார்கள். சாவி இவர்கள் இடுப்பில். யாக்கூப் எழுந்து, வாய்க்கு வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, "எப்ப வருவாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தார்.

காப்பகத்தின் இன்ஜினியர் நிலவழகன் ஒரு திங்கட்கிழமை வந்து இறங்கினார். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் 'இல்லம் தேடி இணைப்பு' என்று எழுதிய பேனர். முதல் வேலையாகப் பேனரைச் சுவரில் மாட்டி, அதன் கீழே யாக்கூபை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். பிறகு கணினி முன் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தார்.

"பாய், இதென்ன மணி?"

"அது துபாய் மணி தம்பி."

"இதாங்க பிரச்சினை! மணி தப்பா இருந்தா எந்த சர்வரும் உள்ள விடாது. இருக்கிற நேரத்த விட்டுட்டு எதுக்குப் பொய்யா ஒரு நேரம் வெச்சிருக்கீங்க?"

மர்யம் குறுக்கே வந்தாள். "அது எங்கம்மா வெச்ச மணிங்க. அத மாத்தாம முடியாதா?"

"அம்மா வெச்சா என்ன, ஆரு வெச்சா என்ன மேடம்? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. இணைப்பு வேணுமா, இந்த மணி வேணுமா?"

யாக்கூப் திரையின் மூலையைப் பார்த்தார். இருக்கட்டுங்க என்று ரமீஜா பிடித்த பிடி இன்னும் மணிக்கட்டில் இருந்தது. மணி போனால் குரல் வரும். குரல் பெரிதா, மணி பெரிதா? இப்படியொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"மாத்துங்க" என்றார்.

நிலவழகன் மாற்றினார். அத்தா மணி போய் ஊர் மணி வந்தது. பிறகு அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "கள ஆய்வு ஓகே, கணக்க தொறந்து விடுங்க" என்றார். திறந்தாயிற்று என்று அங்கிருந்து சொன்னார்கள். வட்டம் சுற்றியது. மூன்று பேரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். கோப்புறையை அடைய இயலவில்லை.

"தொறந்தது இங்கிட்டு வந்து சேர ரெண்டு மூணு நாள் ஆகும்" என்றார் நிலவழகன், கொஞ்சமும் முகம் மாறாமல். "பாய், கட்டை விரலத் தூக்கிக் காட்டுங்க. சிரிச்ச மாதிரி."

அவர் பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் யாக்கூபின் போனுக்குத் தகவல் வந்துவிட்டது. தங்கள் குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டது. தாங்கள் மகிழ்ச்சியுடன் இருக்கும் படம் காப்பகத்தின் பக்கத்தில் வெளியிடப்பட்டுள்ளது.

இரண்டு மூன்று நாள் போய், வாரமும் போயிற்று. யாக்கூப் காலையில் ஒரு தடவை, பகலில் ஒரு தடவை, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை முயன்று பார்த்தார். வட்டம் சுற்றுவதோடு சரி. கணினி மூலையில் இருந்த ஊர் மணி வேறு அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஏற்கனவே கையில் ஒன்று, பள்ளிவாசலில் ஒன்று, போனில் ஒன்று என்று ஊர் மணி இருக்கிறது. இருந்த ஒரே அத்தா மணியையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அன்றைக்கு மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர், மர்யம் சோறு போட்டு வைத்திருந்ததைத் திரும்பியும் பாராமல் போனை எடுத்தார். வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷர் கத்தினார்.

"ஏம்மா, ஒங்களுக்கெல்லாம் கொஞ்சமாவது மனசு இருக்கா? நல்லா இருந்த கேசட்ட வாங்கி ஏலம் விட்டுட்டீங்க. அவ வெச்ச மணியையும் மாத்திட்டீங்க. அவ குரல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கேக்க விடுங்கன்னுதானே நாயா அலையுறேன்! பூஞ்சை புடிச்சாலும் ஏங்கிட்ட இருந்திருந்தா அதத் தொட்டாவது பாத்திருப்பேனே!"

மறுமுனையில் தேன் அப்படியே இருந்தது. "சார், பயிற்சிக்காகவும் பாதுகாப்புக்காகவும் ஒங்க கோபம் பதிவு செய்யப்படுது சார்."

"பதிவு பண்ணுறீங்களா? அத எங்க கேக்கலாம்?"

"காப்பகத்துல வெச்சிருவோம் சார். வீட்டுக் கம்ப்யூட்டர்லேர்ந்து இணைச்சுக் கேட்டுக்கலாம்."

யாக்கூப் போனைக் கட்டிலில் எறிந்தார். மர்யம் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். "வேணாம் போ" என்றார். சோற்றை மூடி வைத்தாள். அஸர் பாங்கு கேட்டது. போய்த் தொழுதுவிட்டு வந்தார். வந்தவர் கணினி முன் நின்றார்.

"அத்தா, விடுங்கத்தா. இனி வராது" என்றாள் மர்யம். அவள் குரலும் சரியாக இல்லை.

"வராதுன்னு எனக்கும் தெரியும். அந்த மணிய மட்டும் பழையபடி வெச்சுக் குடு. அதாவது இருக்கட்டும்."

"எதுக்குத்தா இப்ப..."

"குரலுந்தான் இல்ல, அவ பாத்துக்கிட்டிருந்த மணியுமா இருக்கக் கூடாது? வெச்சுக் குடு."

மர்யம் மூலையில் இருந்த மணியை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளினாள். ஊர் மணி போய் அத்தா மணி வந்தது. யாக்கூப் அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். காலையில் திறந்த காப்பகத்தின் பெட்டி திரையில் அப்படியே கிடந்தது. அதை மூடுவதற்காகச் சுட்டியைக் கொண்டுபோனவர், பழக்கதோஷத்தில் பக்கத்திலிருந்த 'இணை' என்ற பொத்தானை அழுத்திவிட்டார்.

வட்டம் சுற்றவே இல்லை. கோப்புறை திறந்தது.

திரை நிறைய சின்னச் சின்ன மஞ்சள் பெட்டிகள். ஒவ்வொன்றின் கீழும் ரமீஜா, ரமீஜா, ரமீஜா. மர்யம் திரையின் மூலையில் ஓடிய மணியைப் பார்த்தாள்.

"அத்தா, அவங்க ஆபீஸ்ல மெஷின் மணியையும் சர்வர் மணியையும் தள்ளி வெச்சிருக்காங்கன்னு சொன்னீங்களே. மணி பத்துன்னு மெஷின் சொன்னப்ப ஒங்க கையில எத்தன?"

"பதினொன்றரை இருக்கும்."

"ஒன்றர மணி நேரம். அவங்க சர்வரும் அத்தா மணியிலதான் ஓடுது!" அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "ஒழுங்கா வெச்சிருந்ததக் கெடுத்துட்டுப் போயிருக்கான், பாவி."

கட்டிலில் கிடந்த போன் அடித்தது. காப்பகம். குறை தீர்ந்ததில் தாங்கள் எவ்வளவு திருப்தி அடைந்தீர்கள் என்று கேட்பதற்காக இருக்கும். யாரும் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

யாக்கூப் முதல் பெட்டியைத் தொட்டார். இரைச்சல். வெறும் இரைச்சல். உள்ளே ஒன்றுமே இல்லையோ, அளவு மட்டும்தானோ என்று அவர் சத்தத்தைக் கூட்டினார். பிறகு ஒரு பாத்திரம் நகரும் சத்தம். அடுப்பில் எதுவோ தாளிக்கிற சத்தம். யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

"ஏங்க."

அவர் இத்தனை நாளாக நினைத்து வைத்திருந்த குரல் அல்ல அது. அதைவிட மெல்லிசு, அதைவிட வாலிபம், கொஞ்சம் சளி பிடித்திருந்தது. பாயில் உட்கார்ந்து அவர் செய்து வைத்திருந்ததெல்லாம் தப்பு. தப்பாகப் போனதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

"ஏங்க, அஸ்ஸலாமு அலைக்கும். நாந்தான் பேசுறேன். இங்கிட்டு எல்லாரும் நல்லா இருக்கோம். மர்யத்துக்குப் பல்லு விழுந்திருக்கு. அங்கிட்டு இப்ப மணி என்னங்க? நேரத்துக்குச் சாப்பிட்டீங்களா, இல்லையா?"

யாக்கூப் திரையின் மூலையைப் பார்த்தார்.

"மூணே கால் ஆச்சு ரமீஜா" என்றார். "இன்னும் சாப்பிடல."